ஒரு கட்டையைத் தப்பாக வைத்த நாள்

நான் எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. எஸ்.எஸ்.எல்.சி.க்கு மேல் படிக்காதவன் நான். காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் அட்டெண்டராக இருந்தேன் என்றாலும், ஒரு வகுப்பில்கூட உட்கார்ந்து பாடம் கேட்டதில்லை. கரும்பலகை துடைக்கவும் மேசையில் தண்ணீர் வைக்கவும் உள்ளே போனதோடு சரி. நாலு பேர் கூடி நின்றால் சுற்றிக்கொண்டு போகிற சுபாவம் வேறு. படித்தவர்கள் இதில் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உளவியல் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் விரிவுரையாளர் அம்மாதான் இதற்குக் காரணம். போன மாதம் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். அலமாரியை ஒழித்தபோது ஒரு மரப்பெட்டி கிடைத்ததாம். திறந்து காட்டினார். சிவப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கட்டைகள். பக்கத்து மேசையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதே சோதனை திரையில் வருகிறது. பிள்ளைகள் பொத்தானை அழுத்துகிறார்கள். மார்க்கை அதுவே போட்டுக்கொள்கிறது.

"இதை வெச்சு எப்படிச் சோதனை பண்ணாங்க துரைசாமி? துறை மலருக்கு நீங்க எழுதித் தரணும்" என்றார்.

"நானாம்மா?"

"அந்த ரூம்ல இருந்தவங்கள்ல இந்த ஊர்ல இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

மறுக்கவும் எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தென்னேரி. நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கல்லூரி வேலைக்கு வந்து சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் மணி அடிப்பது, நூலகத்தில் தூசி தட்டுவது, பரீட்சை ஹாலில் தாள் கொடுப்பது என்று போயின. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு கோதண்டபாணி சார் வந்தார்.

உளவியல் பேராசிரியர் அவர். ஒல்லியான ஆள், கதர்ச் சட்டை, மூக்கில் நிற்காத கண்ணாடி. மாணவனாக இருந்தாலும் பெருக்குகிற ஆளாக இருந்தாலும் எல்லாரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். நூலகத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகள் போட்டிருந்த அறையைக் கேட்டு வாங்கினார். நானும் அவரும் சேர்ந்து சுண்ணாம்பு அடித்தோம். அதுதான் ஆய்வகம். உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டபோது முதல்வர் என்னைக் காட்டி, "இவன் வாயே திறக்க மாட்டான், பரவாயில்லையா?" என்றார். "அப்படிப்பட்டவர்தான் வேணும்" என்றார் சார். என் கூச்சத்தை ஒருவர் தகுதி என்று சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

சார் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சிக்குப் பெயர் புலக்காட்சி நுண்ணறிவு. அந்தச் சொல் என் வாயில் சரியாக வர ஒரு மாதம் ஆயிற்று. எனக்கு அவர் விளக்கியது இப்படி. பட்டப்படிப்புக்கு வருகிற பிள்ளைகளில் சிலருக்குப் பாடம் உடனே பிடிபடுகிறது, சிலருக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. மனப்பாடத்தையும் மொழியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, கண்ணில் படுகிற ஒன்றை மனம் எப்படிப் பிரித்துப் பார்க்கிறது, எப்படித் திரும்பச் சேர்க்கிறது என்பதை மட்டும் அளக்க வேண்டும். அளந்தால் அதற்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு தெரியும். தெரிந்தால் கற்றுக்கொடுக்கிற விதத்தை மாற்றலாம். பிள்ளைகள் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. 'கட்டைப் பரீட்சை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இனி அந்தப் பரீட்சை நடந்த விதத்தைச் சொல்கிறேன். விரிவுரையாளர் அம்மா கேட்டது அதைத்தான்.

ஜன்னல் இடது பக்கம் இருக்கும்படி மேசையைப் போட வேண்டும். மாணவரின் கை நிழல் கட்டைமேல் விழக்கூடாது. மேசைக்குப் பச்சைத் துணி விரிப்பு. மரத்தில் கட்டை உருண்டால் சத்தம் வரும், சத்தம் கவனத்தைக் கலைக்கும். பதினாறு கட்டைகள். ஒவ்வொன்றிலும் சில பக்கம் முழுச் சிவப்பு, சில பக்கம் முழு வெள்ளை, மிச்சம் குறுக்கே பாதி சிவப்பு பாதி வெள்ளை. அவற்றைக் கலைத்துப் போடுவது என் வேலை. கலைத்தால் மட்டும் போதாது, ஒரே நிறம் மேலே வந்து வரிசையாக நிற்காமல் பார்க்க வேண்டும். பிறகு சார் ஒரு அட்டையை நிறுத்தி வைப்பார். அதில் கோலம் மாதிரி ஒரு வடிவம் இருக்கும். அதைப் பார்த்து அதேபோல் கட்டைகளைச் சேர்க்க வேண்டும். எளிதில் தொடங்கி, போகப் போகக் கடினமாகும். ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நேரம் என்று உண்டு. சாரின் கையில் ஸ்டாப் வாட்ச். நேரம் முடிந்ததும் அவர் விரலை உயர்த்துவார். வடிவம் முடியாமலிருந்தால் நான் உடனே ஒரு வெள்ளைத் துணியால் கட்டைகளை மூட வேண்டும். முடியாததற்கு மார்க் இல்லை. பாதி முடித்தாலும் இல்லை.

தொடங்கும்போது சொல்ல வேண்டிய வாசகங்களை சார் ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தார். மனப்பாடமாகத் தெரிந்தும் அதைப் பார்த்தேதான் படிப்பார். "ஒருத்தருக்கு ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னா, இன்னொருத்தருக்கு அநியாயம் பண்றோம்" என்பார்.

எனக்கு அவர் கொடுத்த பயிற்சி முகத்துக்கு. ஒரு நாள் மாணவர் நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டு, அட்டையைப் பார்க்காமல் என் முகத்தை மட்டும் பார்த்துக் கட்டைகளை வைத்தார். வடிவம் சரியாக வந்துவிட்டது.

"நான் தப்பா வெச்சா உங்க புருவம் ஏறுது. சரியா வெச்சா இறங்குது. இவ்ளோதான். இது தெரிஞ்சா எந்தப் பிள்ளையும் நூத்துக்கு நூறு வாங்கிடும்" என்றார்.

அதற்குப் பிறகு ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பழகினேன். அவர் எனக்கும் ஒரு முறை சோதனை வைத்தார், தன் பழக்கத்துக்காக. என் மார்க் என்ன என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் இரண்டு வருஷத்தில் வந்த பிள்ளைகளில் எனக்கு நன்றாக நினைவில் இருப்பவன் சேகர். வாலாஜாபாத் பக்கம் விவசாயக் குடும்பம், பி.எஸ்ஸி. கணிதம் முதலாண்டு. கட்டைகளுக்கு முன்னால் இன்னொரு சோதனை உண்டு. கோடுகள் சிக்கலாகப் போட்ட படத்துக்குள் ஒரு சின்ன வடிவம் ஒளிந்திருக்கும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். சார் வாசகத்தைப் படித்து முடிக்குமுன் அவன் விரலை வைத்துவிட்டான்.

"இதோ குந்திக்கினு இருக்குதே சார்!"

"நான் இன்னும் படிச்சு முடிக்கலை தம்பி."

"நூறு எருமைல எங்க வூட்டு எருமையைக் கண்டுபுடிக்கிறவன் சார் நானு. இதெல்லாம் எம்மாத்திரம்?"

கட்டைகளையும் அப்படித்தான் செய்தான். ஒன்றை வைப்பான், "சே, இது இல்ல" என்று எடுப்பான், வேறொன்றைப் போடுவான், மொத்தத்தையும் கலைப்பான். பச்சைத் துணி சுருங்கிப் போகும். ஆனால் நேரம் முடியுமுன் வடிவம் வந்துவிடும்.

அவன் வகுப்பில் புனிதவதி என்று ஒரு பெண். பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் பிள்ளை. அப்பா தாண்டவராயன் தறி நெய்பவர்; அவளும் பள்ளிக்கூடம் போன நேரம் தவிர அவர் பக்கத்தில் உட்கார்ந்து கூட நெய்தவள்.

அவள் அட்டையைப் பார்த்தாள். கைகள் மடியிலேயே இருந்தன. நான் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஓரக்கண்ணில் இதெல்லாம் தெரிந்தது; கட்டை வைக்கிற ஓசை வரவில்லை. வெகு நேரம் கழித்து ஒரு கட்டையை எடுத்து, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து, தன் பக்கமாகக் கீழ் மூலையில் வைத்தாள். திரும்ப அட்டையைப் பார்த்தாள். அடுத்த கட்டை அதன் பக்கத்தில். கீழ்வரிசை முடிந்த பிறகுதான் அதற்கு மேல்வரிசை. சாரின் விரல் உயர்ந்தது. துணியைப் போட்டேன். அடுத்த வடிவமும் அப்படியே. எளிதான சிலவற்றைத் தவிர எதையும் முடிக்கவில்லை.

கைக்குட்டையை உள்ளே மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு சேகர் வாசலில் நின்றிருந்தான். அவள் வெளியே போனதும், "என்னா புனிதவதி, ஒவ்வொரு கட்டைக்கும் முகூர்த்தம் பாத்துக்கினு இருந்தியே, ஐயரைக் கூட்டியாரட்டுமா?" என்றான்.

"உனக்குக் கட்டை வெக்கத் தெரியலடா, கட்டை உருட்டத்தான் தெரியுது" என்றாள் அவள். பேச்சில் வேகத்துக்குக் குறைவில்லை.

அந்த வருஷம் நெசவுத் தெருக்களிலிருந்து வந்த வேறு சில பிள்ளைகளும் கட்டைகளை இப்படித்தான் வைத்தார்கள். எல்லாருக்கும் மார்க் குறைவு. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடியும் துடைத்தார். மனது உறுத்தினால் அவர் அப்படிச் செய்வார்.

சில வாரம் கழித்து, மத்தியானம் புனிதவதி தானாக ஆய்வக வாசலில் வந்து நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? எனக்கு மூளை கம்மியா?"

சார் எழுந்துவிட்டார். "யார் சொன்னது?"

விஷயம் இதுதான். கணக்குப் பரீட்சையில் அவள் சில கணக்குகளை மட்டும் போட்டிருந்தாள். போட்டதெல்லாம் சரி, மற்றப் பக்கங்கள் வெள்ளை. கணித விரிவுரையாளர் வகுப்பில் எல்லார் முன்னாலும், "வெள்ளைத் தாள் குடுக்கிறதுக்கு கணக்கு குரூப் எதுக்கும்மா? வரலாறுக்கு மாத்திக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். வீட்டில் அவள் அப்பா, வருகிற அரைப் பரீட்சையிலும் தேறாவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவதாகச் சொல்லிவிட்டார். கட்டைப் பரீட்சையிலும் தான் தோற்றது அவளுக்கே தெரியும்.

"உங்க சோதனைல என்னா வந்துச்சின்னு சொல்லுங்க சார். மூளை இல்லைன்னா இல்லைன்னு தெரிஞ்சிக்கினு போயிடறேன். கணக்குதான் சார் எனக்குப் புடிக்கும்."

மார்க்கை மாணவருக்குச் சொல்லக்கூடாது என்பது விதி. சார் விதியை மீறுகிறவர் அல்ல. மார்க் நோட்டை மூடி வைத்தார். பிறகு, "உக்காருங்க" என்று சொல்லி அலமாரியிலிருந்து வேறு அட்டைகளை எடுத்தார். "இது சோதனை இல்லை. என் சந்தேகத்துக்கு."

நான் கட்டைகளைக் கலைத்துப் போட்டேன். கடைசி வகை, மிகக் கடினமான வடிவம். அவள் கைகள் மடியில். பிறகு கீழ் மூலையில் ஒரு கட்டை. நேரம் முடிந்தது. நான் துணியோடு குனிந்தேன். சாரின் விரல் உயரவில்லை, உள்ளங்கை உயர்ந்தது. நில் என்று அர்த்தம். அதுவரை அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. கையில் துணியைப் பிடித்தபடி நின்றேன். வெளியே மணி அடித்தது, வகுப்பு மாறியது, வராண்டாவில் பிள்ளைகள் நடந்து ஓய்ந்தார்கள். அவள் நிமிரவில்லை. கடைசிக் கட்டையை மேல் மூலையில் வைத்துக் கையை எடுத்தாள். அட்டையில் இருந்தது அப்படியே மேசையில் இருந்தது. நடுவில் ஒரு கட்டையைக்கூட அவள் மாற்றவில்லை.

"முழுக்கத் தெரிஞ்சுதானே வெச்சீங்க?" என்றார் சார்.

"ஆமா சார்."

"சந்தேகமா இருந்தா ஒண்ணை வெச்சுப் பாத்துட்டு எடுக்கலாமே? ஏன் வெக்கலை?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "தப்பா இருந்தா?" என்றாள்.

"தப்பா இருந்தா எடுத்துடலாம்."

"எப்படி சார் எடுக்கிறது? ஒரு ஊடை தப்பாப் போச்சுன்னா அது மேல போட்டதை எல்லாம் ஒண்ணொண்ணாப் பிரிக்கணும். பிரிச்சா பட்டு நைஞ்சிடும். சேலை வாழ்நாளுக்கும் அந்த எடம் தெரியும். அதான், பாத்துட்டுத்தான் வெக்கணும்." சொல்லிவிட்டுக் கட்டைகளைப் பார்த்தாள். பச்சைத் துணியைப் பார்த்தாள். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டாள். "இது பட்டு இல்லை, இல்ல சார்?"

ஊடை என்பது குறுக்கே ஓடுகிற இழை. கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக அவள் கட்டை வைத்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. துணி வளர்கிற மாதிரியே வைத்திருக்கிறாள்.

"கணக்குலயும் இப்படித்தானா?" என்றார் சார்.

"கடைசி வரி வரைக்கும் மனசுல தெரிஞ்சாதான் சார் முதல் வரி எழுதுவேன்."

சார் கண்ணாடியைத் துடைக்கவில்லை. கட்டைகளைக் கலைத்து, வேறொரு அட்டையை வைத்து, "இப்போ ஒரே ஒரு வேலை. முதல் கட்டையைத் தப்பா வையுங்க. வேணும்னே" என்றார்.

அவள் ஒரு கட்டையை எடுத்தாள். மேசைவரை கொண்டுபோனாள். வைக்க முடியவில்லை. கை அங்கேயே நின்றது. மறுபடி முயன்றாள். கண் கலங்கிவிட்டது. "வரலை சார்" என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த நாள் அவள் கல்லூரிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அரைப் பரீட்சை தொடங்க இருந்தது. "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க துரைசாமி" என்றார் சார். முன்பின் தெரியாத வீட்டுக்குப் போய்ப் பேசுவதைவிட ஏரியில் இறங்கு என்றால் இறங்கிவிடுவேன். ஆனாலும் சைக்கிளை எடுத்தேன்.

தெரு நீளத்துக்கும் பாவு விரித்திருந்தார்கள். தறியில் ஏற்றப்போகிற நீள இழைகள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்துக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போய் விசாரித்தேன். பாவின் முனையைப் பிடித்திருந்தவரே தாண்டவராயன். கையை விட முடியாததால் நின்ற இடத்திலிருந்தே பேசினார். தெருவே கேட்டது.

"காலேஜுலேருந்தா? என்னாப்பா, எம் பொண்ணு அங்க என்னா தப்பு பண்ணுச்சி?"

"தப்பு எதுவும் பண்ணலீங்க. அதான் பிரச்சினை" என்று உளறிவிட்டேன்.

பாவு பிடித்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இழை ஆடியது. "பாவை அசைக்காதீங்கப்பா!" என்று அதட்டினார் அவர். பிறகு என்னிடம், "அதுவும் இதையேதான் சொல்லுது. தப்பு பண்ணச் சொல்றாங்கோ நைனான்னு அழுவுது. பொறந்த நாளா பாத்துப் பண்ணு, பாத்துப் பண்ணுன்னு சொல்லி வளத்திருக்கோம். தப்பு பண்ணச் சொல்லித் தர்ற காலேஜு எதுக்குப்பா? வூட்லயே இருக்கட்டும்" என்றார்.

"நீங்க ஒரு தடவை வந்து எங்க சாரைப் பாக்கணும்" என்றேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

"பாக்கத்தான் போறேன். பாத்து நாலு வார்த்தை கேக்கணும்."

அன்று மத்தியானமே வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். சார் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தாண்டவராயன் உட்காராமல் ஒரு கட்டையை எடுத்து விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நல்லா இழைச்சிருக்குது" என்றார். உடனே, அதற்காக வரவில்லை என்பது நினைவுக்கு வந்ததுபோல, "ஏன் சார், நீங்க பெரியவங்க. பொண்ணைத் தப்பா வெக்கச் சொல்றது ஞாயமா?" என்று கேட்டார்.

"உங்க பொண்ணுக்குப் பாக்கத் தெரியாம இல்லை ஐயா. ரொம்ப நல்லாத் தெரியுது. தப்பு வந்துடுமோங்கிற பயத்துல கை நின்னு போகுது. பரீட்சைல நேரம் நிக்கிறதில்லை."

"பயம் இருக்கணும் சார். பயம் இருந்தாத்தான் வேலை சுத்தமா வரும்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்ததால் மனது உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்போது பேசியது புனிதவதி.

"நைனா, அறுந்த இழையை முறுக்கிச் சேக்கறதுக்கு எனக்கு எதுல கத்துக் குடுத்தே?"

"எதுலன்னா? கழிவு நூல்லதான்."

"ஏன், தறியிலயே கத்துக் குடுத்தா என்னா?"

"நல்லா இருக்குதே. பாவையே நாசம் பண்ணிடுவே."

"கழிவு நூலை எத்தினி வாட்டி அறுத்தேன்?"

"அதை யாரு கணக்கு வெச்சா? உங்கம்மா கூட்டிக் கூட்டி அள்ளிப் போட்டா."

"அப்ப என்னைத் திட்டினியா?"

"கழிவு நூலுக்குப் போயி யாராச்சும் திட்டுவாங்களா?"

அவள் கட்டைப் பெட்டிமேல் கை வைத்தாள். "இதுவும் அதான் நைனா."

அவர் மகளைப் பார்த்தார், கட்டைகளைப் பார்த்தார். அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "சரி, கட்டை கழிவு நூலு. பரிட்சைத் தாளு? அது பட்டாச்சே. அதுல தப்பா எழுதினா மார்க்கு போவாதா?" என்று சாரைக் கேட்டார்.

"ஒரு கோடு அடிச்சுட்டுக் கீழ எழுதலாம் ஐயா. அடிச்சதுக்கு மார்க் போகாது. எழுதாம விட்டதுக்குத்தான் போகும்."

"அடிச்சு அடிச்சு எழுதினா தாளு அசிங்கமா இருக்காது?"

"இருக்கும்."

"தாளு தீந்து போச்சுன்னா?"

"கேட்டா இன்னொண்ணு தருவாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான். இதோ, துரைசாமிதான் கொண்டுவந்து தருவார்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பழக்கப்படி ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். "எவ்ளோ வேணாலும் தருவேன்" என்று சொன்னேன். அந்த அறையில், சோதனை மேசைக்கு எதிரில், நான் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

தாண்டவராயன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "வைம்மா" என்றார். "தப்பா வை. நான் வேணும்னா அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன், பாக்க முடியாது." உண்மையிலேயே திரும்பி ஜன்னலைப் பார்த்து நின்றார். நானும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

பின்னால் ஓசையே இல்லை. பிறகு துணிமேல் கட்டை வைக்கிற மெத்தென்ற சத்தம்.

"வெச்சுட்டேன் நைனா."

"தப்பாவா?"

"சுத்தத் தப்பு."

"ஒண்ணும் ஆவலியே?"

"ஒண்ணும் ஆவல."

அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு கட்டைகள் வைக்கிற, எடுக்கிற, மாற்றுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவர் மட்டும் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உதட்டைக் கடித்துக்கொண்டார். சாரின் விரல் உயர்ந்தது. அதை ஓரக்கண்ணில் பார்த்துத் துணியோடு திரும்பினேன். வடிவம் முடிந்திருந்தது, முடியாமலிருந்தால்தான் மூட வேண்டும், ஆகையால் துணியை மடித்து வைத்தேன்.

தாண்டவராயன் அட்டையையும் கட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஜோடி சேந்துடுச்சி" என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆனா தறியில மட்டும் இந்த வேலை வேணாம், சொல்லிட்டேன்" என்று மகளிடம் விரலை ஆட்டினார்.

அவர்கள் போன பிறகு சார் அவளுடைய பழைய மார்க்கை எடுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தார். அதை அவர் மாற்றவில்லை. "விதிப்படி இதுதான் மார்க். ஒருத்தருக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும்" என்றார். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து சோதனை நடக்கிற விதம் மாறியது. அட்டையில் ஒரு வாசகம் கூடியது. தொடங்குமுன் ஒரு பழக்கச் சுற்று. அதில் ஒவ்வொரு மாணவரும் ஒரு கட்டையையாவது வேண்டுமென்றே தப்பாக வைத்து, எடுக்க வேண்டும். நேரம் முடிந்த பிறகும் விரும்பினால் தொடரலாம், அது தனிக் கணக்கு. எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு சீக்கிரம் தெரிகிறது என்பவை இரண்டு வெவ்வேறு விஷயம் என்று சார் பல்கலைக்கழகத்துக்கு எழுதியனுப்பினார். அதை அவர்கள் ஒப்புக்கொண்டார்களா, எவ்வளவு ஒப்புக்கொண்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நெசவுத் தெருப் பிள்ளைகளைப் பழக்கச் சுற்றில் உட்கார வைத்து, அவர்கள் முதல் தப்பை வைக்கிறவரை காத்திருப்பதற்கு நான் பழகினேன். சிலர் சீக்கிரம் வைப்பார்கள். சிலருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருக்கும்.

சார் வேறு ஊருக்குப் போனபோது பஸ் நிறுத்தம்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். என் மார்க் என்னவென்று கேட்க நினைத்தேன். "நீங்க கேக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் துரைசாமி" என்றார். பஸ் வந்துவிட்டது.

விரிவுரையாளர் அம்மாவிடம் இதை நேரில் சொன்னபோது, கம்ப்யூட்டரில் பழக்கச் சுற்று இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் சரியாக வைத்தால்தான் அடுத்த பக்கம் போகும் என்றார். பிறகு, "மாத்தச் சொல்லலாம்" என்று தன் குறிப்பில் எழுதிக்கொண்டார். கட்டைப் பெட்டியை அலமாரியில் திரும்ப வைக்காமல் மேசைமேலேயே வைத்திருக்கிறார்.

தாண்டவராயன் வந்துபோனதற்கு மறுநாள் அரைப் பரீட்சையில் கணக்கு. எனக்கு ஹாலில் தாள் கொடுக்கிற வேலை. புனிதவதி கை தூக்கிக் கூடுதல் தாள் கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்னால் எழுதிய பக்கத்தில் நிறைய அடித்திருந்தாள்.